நோக நோகச் சிவப்பது

காலையில் வைத்த பொட்டு பின்னேரம் மங்கும். உலகத்திலே எந்தப் பெண்ணின் நெற்றியிலும் அதுதான் நடக்கும். வியர்வை கொஞ்சம் தின்னும், முகம் துடைக்கிற லேஞ்சி கொஞ்சம் தின்னும், மிச்சத்தைக் காற்று கொண்டுபோய்விடும். அருள்நாயகியின் பொட்டோ அன்றைக்குப் பின்னேரம், காலையில் இருந்ததைவிடச் சிவந்திருந்தது.

ஐந்து மாடி ஏறி வந்த இளைப்போடு அவள் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். வெளியே சிரொக்கோ. ஆபிரிக்காவில் ஒரு பாலைவனத்தை முழுதாக வாரி எடுத்து, கடலுக்கு மேலால் கொண்டுவந்து, பலேர்மோவின் தலையில் கொட்டுகிற காற்று அது. சுவர்கள் சுட்டன. எலுமிச்சம்பழங்கள் மரத்திலேயே ஊறுகாய் ஆகின. பல்லரோ சந்தையில் வாள்மீன் விற்கிறவன் போடும் கூச்சலுக்குச் செத்த மீனே ஒருக்கால் திரும்பிப் பார்க்கும். அவன்கூட அன்றைக்குத் தலையில் ஈரத் துவாயைப் போட்டுக்கொண்டு வாய் பேசாமல் குந்தியிருந்தான். அப்படிப்பட்ட வெக்கையில் ஒரு பொட்டு கரைந்து மூக்குவரை வழிந்திருக்க வேண்டும். இது வழியவில்லை. விளிம்பு கலையாமல், ஈரமாக, இப்போதுதான் வைத்ததுபோல் இருந்தது. விரலால் தொட்டாள். சுற்றியிருந்த தோலைவிடச் சூடாக இருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

புளித்த பாண் மா.

கையைச் சட்டென்று எடுத்துவிட்டாள். அந்த வாசத்தை அவள் மணந்து மூன்று வருடமாகிறது.

நெற்றியில் இருந்தது குங்குமம் இல்லை. அந்த உண்மை அவளுக்கும் கண்ணாடிக்கும் மட்டும்தான் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த குங்குமம் ஆடி மாதமே முடிந்துபோயிற்று. பல்லரோ மூலையில் ஏர்னஸ்றின் தமிழ்க்கடை இருக்கிறது; கருவாடு, மிளகாய்த்தூள், குங்குமம், ஊர்ப்புதினம் எல்லாம் அங்கே கிடைக்கும், அதிலும் ஊர்ப்புதினம் எந்நேரமும் பச்சையாகக் கிடைக்கும். அதனால்தான் அவள் அங்கே போகவில்லை. அருள்நாயகியின் புருசன் பத்மநாதன் செத்துப்போனான் என்பது அந்தக் கடையில் கருவாட்டுக்குக்கூடத் தெரியும்.

செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் பத்மநாதனின் சொந்த அக்கா ஞானம்பிகை. அருள்நாயகியும் மகள் ஜெனனியும் இருந்தது ஞானம்பிகையின் வீட்டில். பகல் முழுக்க ஒரு பணக்கார இத்தாலியக் கிழவியை, சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டி, தீத்தி, திட்டு வாங்கி, பின்னேரம் வீட்டுக்கு வந்து அந்தத் திட்டை இருவருக்கும் சரிசமமாகப் பங்கிட்டுக் கொடுப்பவள் அவள். அவள் இருமினால் கீழ்மாடியில் கோப்பை உடையும். செய்தி கொண்டுவந்த அன்றைக்கு மட்டும் மெதுவாகக் கதைத்தாள்.

"நாயகி, ரொறன்ரோவிலை இருந்து அருளம்பலத்தார் ரெலிபோன் எடுத்தவர்."

"எடுக்கட்டும்."

"கிளிநொச்சி ஷெல்லடியிலை தம்பி போய்ச்சேர்ந்திட்டானாம்."

"ஆர் கண்டது?"

"கண்ட ஒராள் சொன்னதாம்."

"அந்தக் கண்ட ஒராளை ஆர் கண்டது?"

ஞானம்பிகையின் கண் தம்பி பெண்சாதியின் நெற்றிக்கு ஏறி அங்கேயே நின்றது. "வாற அமாவாசைக்கு எட்டுச்செலவுப் படையலைச் செய்வம். ஆவி அலையக் கூடாது. பிறகு நீ இதையும்..."

"அவர் செத்தது உங்களுக்கு வசதியெண்டால் நீங்கள் சாகடியுங்கோ மச்சாள். என்ரை நெத்தியிலை அவர் இருக்கிறார்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நெற்றியை ஒரு நாள்கூட வெறுமையாக வைக்க முடியாது. ஏர்னஸ்றின் கடைக்குப் போய்க் குங்குமம் கேட்டால், அங்கே நிற்கிற பெண்கள் எல்லோரும் ஒருமிக்க அவளைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். அந்தப் பரிதாபத்தைவிட ஷெல் மேல்.

ஆகவே வேலைத்தலத்திலிருந்து எடுத்தாள்.

அவள் கூட்டித் துடைத்த இடம் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு பழைய சோப்புக் களஞ்சியத்தில் இருந்த ஆய்வுகூடம். அங்கே ஈஸ்ற் வளர்த்தார்கள். பாணைப் பொங்கவைக்கிற ஈஸ்றின் சகோதர சாதி, ஆனால் சிவப்பு. வளர்ப்பு மீன்களின் சதை வெளிறிக் கிடக்குமாம். இதைத் தின்னக் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பலாம்போல் சிவந்துவிடுமாம். இந்தச் சிவப்பை இன்னும் கூட்டுவது எப்படி என்று ஆராய்ச்சி செய்தவள் தொத்தோரெஸ்ஸா கத்தரீனா. அவளுடைய மூக்குக்கண்ணாடியின் தடிப்பில் ஒரு வீட்டுக்கு யன்னல் போடலாம். தன் குப்பிகளோடு அவள் கதைப்பாள், கெஞ்சுவாள், சண்டை பிடிப்பாள். கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டாள்.

"நாயகி, இது ஏன் சிவக்கிறது தெரியுமா? அழகுக்கு இல்லை. சிவப்பு அதன் கவசம். சுகமாக இருந்தால் வெளிறிப்போய்ப் படுத்திருக்கும், சோம்பேறி. கொஞ்சம் வெளிச்சத்தால் சுட வேண்டும். கொஞ்சம் உப்புப் போட வேண்டும். காயத்துக்கு ஊற்றுகிற ஒஸ்சிஜெனாத்தா ஒரு துளி. நோகப் பண்ண வேண்டும், சாகப் பண்ணக் கூடாது. அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது எங்கள் பிழைப்பு."

அருள்நாயகிக்கு அந்த இத்தாலியில் பாதி விளங்கியது. தட்டுகளில் காயவைத்த சிவப்புத் தூளில் பழுதானதை எறியச் சொன்னபோது, ஒரு பிலிம் டப்பாவில் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அது பீட்றூட் தூள் போல ஒரு சாயம். உலர்ந்துபோன பொருளுக்குள் உயிர் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? பாண் போடுகிறவன் நினைப்பான். பத்மநாதன் பக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பான். அவன் கோப்பாயில் பேக்கரிக்காரன். விடியப் பாண் சுடுகிற போறணையால் வருவான். சட்டையைக் கழற்றினாலும் தோளிலும் கழுத்திலும் அந்தப் புளித்த மா வாசம் கிடக்கும். கலியாணம் முடித்த புதிதில் அவளுக்கு அது குமட்டியது. பிறகு அது இல்லாமல் நித்திரை வரவில்லை.

அந்த வாசம்தான் இப்போது அவள் விரலில்.

பலேர்மோவில் தண்ணீர் ஒரு பெரிய இடத்து மாப்பிள்ளை. வருகிறேன் என்ற நாளில் வராது. வந்தால் எல்லோரும் எழுந்து நின்று வரவேற்க வேண்டும். ஆகவே குழாயில் வருகிற அன்றைக்கே குளியல் தொட்டியை விளிம்புவரை நிரப்பி வைப்பார்கள். இத்தாலியர் படுத்துக் குளிக்கிற தொட்டியை அந்த வீட்டார் கிணற்றுத் தொட்டியாக்கி, பக்கத்தில் நின்று சருவச்சட்டியால் அள்ளி வார்ப்பார்கள். அருள்நாயகி அதன் மேல் குனிந்து முகம் கழுவுவாள். நெற்றியில் இருந்தது சொட்டுச் சொட்டாக அதற்குள் விழும். நாளுக்கு நாள் விழுந்தது.

முதலில் நீர்மட்டத்தைச் சுற்றி ஓர் இளஞ்சிவப்புக் கோடு வந்தது. தேய்த்தாள், போயிற்று. மறுநாள் அதே இடத்தில் கொஞ்சம் அகலமாக இருந்தது. பிறகு அடியில் ஒரு படலம். மெல்லிய, வழுவழுப்பான, பாலாடை போன்ற ஒன்று, கையைவிட்டால் நழுவி ஒதுங்கும், கையை எடுத்தால் திரும்பி வந்து பழைய இடத்தில் படுக்கும். தொட்டியிலிருந்து இடைக்கிடை ஒரு சத்தம் கேட்கும். க்ளுக். நீண்ட இடைவெளி. க்ளுக். குசினியில் மீன் பொரியும்போதும், கீழே தெருவில் வெஸ்பாக்கள் இரையும்போதும், அந்த ஒன்றுமட்டும் எல்லாவற்றுக்கும் அடியால் வந்து காதில் விழும். அமைதியாகத் தூங்குகிற ஒருவரின் தொண்டையில் எச்சில் இறங்குவதுபோல.

கழுவி ஊற்றவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். குனிவாள். வாசம் வரும். நிமிர்ந்துவிடுவாள்.

ஜெனனிக்கு ஆறு வயது. தகப்பனை அவள் கண்ட ஞாபகம் இல்லை. காட்டப் படமும் இல்லை. எல்லை கடக்கும்போது ஏஜென்ற்காரன் காட்டுக்குள் எறிந்த பையில் போயிற்று எல்லாப் படமும். அருள்நாயகிக்கே முகம் கலைந்து வந்தது. மூக்கை நினைத்தால் வாய் நழுவும். வாயைப் பிடித்தால் கண் போய்விடும். இரவில் படுத்திருந்து அதைப் பொறுக்கிப் பொறுக்கி அடுக்குவாள். விடிய எல்லாம் சரிந்து கிடக்கும். அவன் செத்தான் என்று சொன்னவர்களைக்கூட அவளால் பொறுக்க முடிந்தது. இதைத்தான் முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெயிலுக்குப் பலகைக் கதவெல்லாம் சாத்தியிருந்த நேரம், ஜெனனி குளியலறையிலிருந்து வந்து தாயின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, வாஸ்காவுக்குள்ளை ஒரு சிஞ்ஞோரே படுத்திருக்கிறார்."

"தொட்டிக்குள்ளை ஆம்பிளையோ? என்னடி அலட்டுறாய்?"

"சிவப்புச் சிஞ்ஞோரே. தோர்மே."

"நித்திரையோ?"

"ஓம். கண் மூடித்தான் கிடக்கு." ஜெனனி யோசித்தாள். "ஆனா அவர் பொய்க்கு மூடியிருக்கிறார்."

அருள்நாயகி போனாள். கதவை மெல்லத் திறந்தாள். பலகைக் கதவின் கீறல்களால் வந்த வெளிச்சம் தண்ணீரின்மேல் கோடு கோடாகக் கிடந்தது. அடியில் படலம். அதில் மேடும் பள்ளமும். ஒரு வளைவு காதாக இருக்கலாம். ஒரு சரிவு தாடையாக இருக்கலாம். அவ்வளவுதான், சுவரில் ஈரம் ஊறினாலும் நூறு முகம் தெரியும், அவள் தனக்குத்தானே சொன்னாள். சொல்லிக்கொண்டே தொட்டியின் விளிம்பில் இருந்தாள். இருந்தபடி அழுதாள். ஏன் என்று தெரியாது, வாசம் அப்படி. கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டித் தண்ணீரில் விழுந்தது.

விழுந்த இடத்துக்கு நேர் கீழே சிவப்பு கூடியது.

மெதுவாக. ஒரு பொறி பற்றுவதுபோல. ஒரு கோடு எழுந்தது, வளைந்தது, நடுவில் ஓரிடத்தில் அறுந்தது. பத்மநாதனின் இடது புருவம். சின்ன வயதில் மாங்கொட்டை பட்டு நடுவில் வெடித்த புருவம். அந்த வெடிப்பை அவள் மறந்தே போயிருந்தாள்.

பயந்தாள். ஆனால் எழும்பிப் போகவில்லை. அந்தப் பயத்துக்குள், சருவச்சட்டிக்குள் ஒரு குன்றிமணி போல, ஒரு சந்தோசம் உருண்டது.

உப்பு, என்று தொத்தோரெஸ்ஸா சொன்னாள் அல்லவா.

அன்றைக்கே ஒரு பிடி உப்புப் போட்டாள். மறுநாள் இரண்டு. படலம் சுருங்கியது, நடுங்கியது, சிவந்தது, மூக்கு வந்தது. அவளுக்கு அழுகை வந்தது. பிறகு கூடத்து மேசைவிளக்கைக் கொண்டுவந்து தொட்டிக்கு நேரே தலை குனிய வைத்தாள். பின்னேரம் வேலையால் வந்து விளக்கைப் போட்டால், படுக்கப் போகும்வரை எரியும். வெளிச்சம் படப் பட உதடு தெளிந்தது. கழுத்து வந்தது. தோள் வந்தது. பிறகு ஒரு நாள் ஸ்தாசியோனேக்குப் பக்கத்து மருந்துக்கடையில் ஒஸ்சிஜெனாத்தா வாங்கி வந்தாள். மூடியில் அளந்து ஊற்றினாள். தண்ணீர் வெள்ளையாகப் பொங்கி நுரைத்தது. நுரை அடங்கியபோது இமை மயிர் தெரிந்தது. ஒவ்வொன்றாக எண்ணலாம்.

இப்படி ஒரு முகத்தை அவள் கலியாணப் படத்தில்கூடக் கண்டதில்லை.

முகம் கொஞ்சம் சுளித்திருந்தது. அவள் அதை நித்திரைச் சுளிப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

குளிப்பை வாளியும் கையுமாகக் குசினிக்கு மாற்றினாள். தொட்டியில் வெடிப்பு, பாவிக்கக் கூடாது என்று சொல்லிக் குளியலறையைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆனால் ஞானம்பிகையிடம் ஒரு திறப்பை எத்தனை நாள் ஒளிக்கலாம்? வீட்டில் ஓர் ஊசி இடம் மாறினாலே அவளுக்குத் தும்மல் வரும்.

அமாவாசைக்கு முதல்நாள். எட்டுச்செலவுக்கென்று பல்லரோவில் வாங்கிய கத்தரிக்காய், பூசணி, வாழைக்காய் எல்லாம் குசினி மேசையில் கிடந்தன. ஞானம்பிகை கையை நீட்டினாள்.

"திறப்பைத் தா."

"வேண்டாம் மச்சாள்."

"உள்ளுக்கை ஆரை வைச்சிருக்கிறாய்? கட்டிடம் முழுக்கக் கள்ளு மணக்குது. கீழ்வீட்டுக் கிழவன் என்னட்டைக் கேக்கிறான், நீங்கள் வைன் வடிக்கிறியளோ, எனக்கும் ஒரு போத்தில் தருவியளோ எண்டு."

அருள்நாயகி கொடுத்தாள். கதவு திறந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஞானம்பிகையின் பெரிய உடம்பு மெதுமெதுவாக, ஒரு பக்கமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இறங்கியது.

"இது மாங்கொட்டை பட்ட காயம்," என்றாள். "நான்தான் எறிஞ்சனான். அம்மாட்டைச் சொல்லாதை எண்டு அவன்ரை வாயைப் பொத்தினனான். அவன் கடைசிவரைக்கும் சொல்லேல்லை."

தண்ணீருக்குள் ஒரு குமிழி எழுந்து வெடித்தது. க்ளுக்.

"மூச்சு விடுறான்."

"ஓம் மச்சாள்."

"எட்டுச்செலவு வேண்டாம்." ஞானம்பிகை மூக்கைச் சீலைத்தலைப்பால் துடைத்தாள். "உயிரோடை இருக்கிறவனுக்கு ஆரும் எட்டுச்செலவு செய்வினமோ? பைத்தியங்கள்." பிறகு எட்டிப்பார்த்தாள். "வலப்பக்கம் வடிவாய்த் தெரியேல்லை. அதுக்கு என்ன செய்யிறாய்?"

அதற்குப் பிறகு இருவரும் முறை வைத்தார்கள். ஞானம்பிகை பெருந்தன்மைக்காரி, கறிக்கே உப்பைப் பிடியால் போடுகிறவள். சிஞ்ஞோராவின் வீட்டிலிருந்து பெரிய மின்குமிழ் ஒன்று கொண்டுவந்தாள். வீட்டில் சண்டை ஓய்ந்தது. பின்னேரங்களில் தொட்டியின் இரு பக்கமும் இருந்து, அவன் சின்னனில் செய்த குழப்படிகளைச் சொல்லி, சிரித்து, அழுது, ஊற்றினார்கள். உருவம் மார்புவரை எழுந்தது. செவ்வரத்தம்பூப் போல ஒரு சிவப்பு. சுளிப்பும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஆழமானது. அதை இருவரும் கண்டார்கள். இருவரும் கதைக்கவில்லை.

மார்கழிக் குளிரில், கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பெருநாளுக்குக் கிட்ட, வலன்ரைன் என்று ஒருவர் வந்தார். மன்னார் ஆள். கொழும்பு வழியாக வந்து இறங்கி ஒரு கிழமைதான் ஆகிறது. கோவிலில் பலேர்மோத் தமிழரை விசாரித்து, ஐந்து மாடியும் ஏறி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பேக்கரி பத்மநாதன் அண்ணையின்ரை வீடோ?"

ஞானம்பிகை கதிரையை இழுத்துப் போட்டாள்.

"நான் மடுவிலை, அகதி முகாம் ஆசுபத்திரியிலை உதவிக்கு நிண்டனான் அக்கா. அங்கை இருக்கிறார். உயிரோடைதான். என்ரை பெண்சாதியும் அக்காவும் பலேர்மோவிலை இருக்கினம், கண்டால் சொல்லு எண்டு கையைப் பிடிச்சுச் சொன்னவர்."

ஞானம்பிகை போட்ட சத்தத்தில் கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்தன. நல்லூரானைக் கூப்பிட்டாள், பிள்ளையாரைக் கூப்பிட்டாள், வந்தவர் வேதக்காரர் என்று ஞாபகம் வந்து மடுமாதாவையும் கூப்பிட்டாள். அருள்நாயகி தேத்தண்ணி ஊற்றினாள்.

"காயமோ தம்பி?" என்றாள்.

"ஷெல் துண்டு, முதுகிலை. சின்னன். அது எப்பவோ ஆறியிருக்கவேணும்." வலன்ரைன் தேத்தண்ணியைப் பார்த்தார். "பகலிலை நல்ல பகிடி விடுவார் அக்கா. எங்கடை பாணைக் கண்டிட்டு, இதாலை எறிஞ்சால் ஆமியும் ஓடிடுவான் எண்டுவார். இரவு பட்டு எல்லாரும் படுத்தாப்பிறகுதான்."

"என்ன?"

"வெளிச்சத்தை அணை, நூக்கு எண்டு கத்துவார். அங்கை ஏதக்கா வெளிச்சம்? விளக்குக்கு எண்ணெயே இல்லை."

ஞானம்பிகையின் கை சீலைத்தலைப்பில் நின்றது.

"பிறகு உப்புக் காந்துது எண்டுவார். ஆரோ ஊத்துகினமாம். உடம்பெல்லாம் நுரைக்குதாம். டொக்ரர் வந்து பாத்தவர். ஒரு கொப்புளமும் இல்லை, ஆனால் ஆள் செக்கச்சிவப்பு. உரிச்ச மாதிரி. மாரிக்கு முந்தித் துடங்கினது, வரவரக் கூடிப்போச்சு. நான் வெளிக்கிடேக்கை நாலுபேர் பிடிக்கவேணும்." அவர் தயங்கினார். பிறகு ஆறுதல் சொல்கிற குரலில், "உங்களிலைதான் சரியான பாசம் அக்கா. கத்தேக்கையும் உங்கடை பேர்தான். நாயகி, காணும், போதும், விடு எண்டு."

தேத்தண்ணி ஆறியது. வலன்ரைன் எப்போது எழும்பிப் போனார் என்று அருள்நாயகிக்குத் தெரியாது.

அன்றைக்கு விளக்குப் போடவில்லை. உப்பில்லை. மருந்தில்லை. தொட்டியை இருட்டிலே விட்டு, மழைத் தண்ணீர் பிடித்து வந்து மெல்ல மெல்ல வார்த்தாள், காய்ச்சல்காரனைத் துடைப்பதுபோல. முகத்தின் சுளிப்பு தளர்ந்தது. நெற்றி விரிந்தது. அவளுக்குத் தெரிந்த அந்த உறங்கும் முகம் ஒரு பொழுது, ஒரேயொரு பொழுது, அப்படியே வந்தது.

பிறகு வெளுக்கத் தொடங்கியது.

வேலையில் தொத்தோரெஸ்ஸாவைப் பிடித்துக் கேட்டாள். "நோகப் பண்ணாமல் சிவப்பாய் வைச்சிருக்க வழியில்லையோ?"

கத்தரீனா சிரித்தாள். "இருந்தால் எனக்கு உரோமாபுரியில் சிலை வைத்திருப்பார்கள்."

"வெளுத்தால் என்ன? சும்மா இருக்கும்தானே?"

"நிறம் போனால் கவசம் போயிற்று, நாயகி. பிறகு சும்மா இருக்கிற காற்றே அதைக் கொன்றுவிடும்." கண்ணாடியைக் கழற்றி அவளை உற்றுப் பார்த்தாள். "ஏன் அழுகிறாய்? ஈஸ்ற் தானே."

மடுவுக்கு ரெலிபோன் இல்லை. கடிதம் போக மாதம். போகுமோ தெரியாது.

அருள்நாயகி ஓடினாள். வீயா ரோமாத் தெருவில் நத்தார் விளக்குகள். வுச்சீரியாச் சந்தைப் பக்கமிருந்து பொரித்த எண்ணெய் மணம். பொழுது பட்டுவிட்டது. மாடிப்படி. இருட்டு. மூன்றாம் மாடியிலேயே தேடினாள், அந்த வாசத்தை. இல்லை. நாலாம் மாடி. இல்லை.

குளியலறைக் கதவு திறந்திருந்தது. ஞானம்பிகை நிலத்தில் இருந்தாள். தலைமயிர் அவிழ்ந்திருந்தது. விளக்கில்லை, தெருவெளிச்சம் மட்டும்.

"நாயகி, குமிழி வருதில்லை."

"எப்ப துடங்கி?"

"வருதில்லையெடி."

குனிந்தாள். வேகாத பாண் மாவின் நிறத்தில் ஒரு முகம். மாங்கொட்டை வெடிப்பு இல்லை. காது கரைந்திருந்தது. இமைகள் கரைந்திருந்தன. வாய் இருந்த இடம் வழுவழுவென்று, ஒன்றுமில்லாமல், மூடிக் கிடந்தது. மார்பு எழவில்லை.

ஞானம்பிகை கையில் போத்தல்.

"ஊத்து."

"நோகும் மச்சாள்."

"ஊத்தாட்டில்?"

அறை முழுக்கக் காதாக நின்றது. கீழே யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள்.

தண்ணீர் அசைந்தது.

அடியிலிருந்து ஏதோ எழும்பியது. மெல்ல. மிக மெல்ல. மேற்பரப்பைக் கிழித்தது. வெள்ளை விரல்கள். நகமில்லை. ரேகையில்லை. நீர் சொட்டச் சொட்ட இரண்டு கைகள் நிமிர்ந்து வந்து, ஒன்றையொன்று தேடி, ஒட்டின.

கும்பிட்டன.

நிறுத்தச் சொல்லியா.

ஊற்றச் சொல்லியா.

கேட்கலாம் என்றால் வாய் இல்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள் அருள்நாயகி. அவ்வளவுதான் வந்தது. மூன்று வருடமாகச் சேர்த்து வைத்த கதையெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

கைகள் நடுங்கின. விரல் நுனிகள் உதிரத் தொடங்கின.

அவள் போத்தலை வாங்கினாள். மூடியால் அளக்கவில்லை. கவிழ்த்தாள்.

தண்ணீர் சீறியது. நுரை விளிம்பு தாண்டி அவள் காலில் வழிந்தது. நுரைக்குள் கைகள் இறுகின, முறுகின, பிரியவில்லை. சிவப்பு வந்தது. விரல். மணிக்கட்டு. தோள். கழுத்து. காது வந்தது. புருவம் வந்தது, நடுவில் அறுந்து. இமைமயிர் ஒவ்வொன்றாக வந்தது. மார்பு ஒரு முறை எழுந்தது.

கடைசியாக வாய் வந்தது.

திறந்தபடி வந்தது. முழுதாக, கடைவாய்வரைக்கும், அண்ணமும் உள்நாக்கும் தெரிய. ஒரு சத்தமும் இல்லை. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் எங்கேயோ அந்தச் சத்தம் இருந்தது.

இரண்டு பெண்களும் தொட்டியின் மேல் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார்கள். இத்தனை தெளிவாக அது ஒருநாளும் இருந்ததில்லை.

ஞானம்பிகை அடுத்த போத்தலைத் திறந்தாள்.